அடுப்படிப் புகையும் அம்மாவின் மூச்சும்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்றால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் என்றால் ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைக்கிறோம். நெஞ்சு லேசாக வலித்தால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். ஆனால், "மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்று ஒரு பெண் சொன்னால் அவளுக்கு என்ன பதில் கிடைக்கிறது? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்!" "உடம்பைக் கொஞ்சம் குறை!" "ரத்தம் கம்மியா இருக்கும், முருங்கைக்கீரை சாப்பிடு!" அதோடு சரி. அவளும் மாடி ஏறுவதை விட்டுவிடுகிறாள். மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது போலத் தோன்றுகிறது.

இப்படிப் பேசாமல் ஒதுங்கிப் போகிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர் தெரியுமா, சகோதரிகளே? கணக்கைக் கேட்டால் மலைத்துப் போவீர்கள்.

நாட்டுக் கணக்கு

நுரையீரலின் காற்றுக் குழாய்கள் நிரந்தரமாகச் சுருங்கிப் போகும் நோய்க்கு டாக்டர்கள் 'சி.ஓ.பி.டி.' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் என்று நாம் சொல்லலாம். இந்தியாவில் 1990-இல் இந்த நோய் சுமார் 2 கோடியே 81 லட்சம் பேருக்கு இருந்தது. 2016-இல் அது 5 கோடியே 53 லட்சமாகிவிட்டது. ஆஸ்துமாக்காரர்கள் தனி. அவர்கள் 2016-இல் 3 கோடியே 79 லட்சம் பேர். மாநிலம் மாநிலமாக ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட கணக்கு இது.

சாவுக் கணக்கைப் பாருங்கள். 2016 ஒரே வருஷத்தில் இந்த மூச்சடைப்பு நோயால் மட்டும் இறந்தவர்கள் 8 லட்சத்து 48 ஆயிரம் பேர். அதாவது நாள் ஒன்றுக்கு 2,300 பேருக்கு மேல்! அந்த வருஷம் இந்தியாவில் உயிர் குடித்த நோய்களில் மாரடைப்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாரடைப்பைப் பற்றிப் பேசாத பத்திரிகை இல்லை. இரண்டாவதாக நிற்கும் இந்த நோயின் பெயரையாவது நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இன்னொரு விஷயம். உலக ஜனத்தொகையில் 18 சதவீதம் நம்முடையது. ஆனால் நாள்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாளில் 32 சதவீதம் நம்முடையது. பந்தியில் நமக்கு ஓர் இலைதான் போட்டிருக்கிறது. பரிமாறியிருப்பதோ ஏறக்குறைய இரண்டு இலைக்குரியது.

இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்றும் பங்கு பிரித்திருக்கிறார்கள். சி.ஓ.பி.டி. சுமையை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் கிட்டத்தட்ட 54 பைசா காற்று மாசால் வருகிறது. இதில் வீதிப் புகையும் உண்டு, வீட்டு அடுப்புப் புகையும் உண்டு. பீடி, சிகரெட் போன்ற புகையிலையால் 25 பைசா. தொழிற்சாலைத் தூசி, பஞ்சு, கல்தூள் போன்ற வேலையிடக் காரணங்களால் 16 பைசாவுக்கு மேல்.

பார்த்தீர்களா? "மூச்சு நோயா? பீடி குடிக்கிறவங்களுக்கு வர்றது" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பாதிக்கு மேல் பங்கு காற்றிலிருந்து வருகிறது. பீடியைத் தொடாத பெண்கள் இந்தக் கணக்குக்குள் எப்படி வந்தார்கள் என்பது இப்போது புரிகிறதல்லவா?

உள்ளே என்ன நடக்கிறது?

நம் நுரையீரலைத் தலைகீழாக நிற்கும் ஒரு மரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் அடிமரம். அது கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் கொத்துக் கொத்தாகத் திராட்சை மாதிரி சின்னஞ்சிறு காற்றுப் பைகளில் முடிகிறது. அந்தப் பைகளில்தான் ரத்தம் பிராண வாயுவை வாங்கிக்கொள்கிறது.

வருஷக்கணக்கில் புகை போனால் இரண்டு கெடுதல்கள் நேருகின்றன. குழாய்களின் உட்சுவர் வீங்கி, சளி கட்டி, வழி குறுகுகிறது. கடைசியில் உள்ள பைகளும் பழைய ரப்பர் பலூன் மாதிரி இழுவைத் தன்மையை இழந்து தளர்ந்துபோகின்றன. காற்று உள்ளே போகிறது; முழுசாக வெளியே வரமாட்டேன் என்கிறது. பழைய காற்று உள்ளேயே தேங்கிவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? அதனால்தான் மூச்சு முட்டுகிறது.

ஆஸ்துமாவும் இதுவும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயசிலேயே வரும். தூசியோ பனியோ ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வரும். மருந்து எடுத்தால் விட்டுவிடும். நடுவில் மனுஷி நன்றாக இருப்பாள். சி.ஓ.பி.டி. நாற்பது வயசுக்கு மேல் மெதுவாகத் தலைகாட்டும். மருந்தால் கஷ்டம் குறையும், ஆனால் போன நுரையீரல் போனதுதான், திரும்ப வளராது. இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ள முடியும். சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று டாக்டர்கள் அடித்துக்கொள்வது இதற்குத்தான்.

1959-லேயே சொன்ன ஒரு பெண்மணி

அடுப்புப் புகை விஷயம் நேற்றுக் கண்டுபிடித்தது இல்லை. டாக்டர் எஸ். பத்மாவதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பர்மாவில் 1917-இல் பிறந்த தமிழ்ப் பெண்மணி. இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர். 103 வயது வரை வாழ்ந்து 2020-இல் காலமானார். டில்லியில் அவர் வேலை பார்த்தபோது, நுரையீரல் கெட்டு அதனால் இருதயத்தின் வலது பக்கம் வீங்கிப்போன நோயாளிகளை ஆராய்ந்தார். பீடி, சிகரெட் குடிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அப்படியானால் இந்த நோயும் ஆண்களுக்குத்தானே அதிகம் வரவேண்டும்? ஆனால் பெண்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்தார்கள். அதுவும் ஆண்களை விடச் சின்ன வயசிலேயே வந்தார்கள். வீட்டு அடுப்புப் புகைதான் காரணமாக இருக்கவேண்டும் என்ற சந்தேகத்தை அவரும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த டாக்டரும் 1959-லேயே எழுதி வைத்தார்கள்.

அதன்பின் 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி, இந்திய விஞ்ஞானிகளோடு சேர்ந்து குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மீதே சின்னக் கருவியை மாட்டி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்து பார்த்தார். வெளிக்காற்றை விடப் பல மடங்கு மோசம் என்று தெரிந்தது.

நம் தமிழ்நாட்டிலும் பார்த்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், 30 வயசுக்கு மேற்பட்ட, புகை பிடிக்கும் பழக்கமே இல்லாத 900 பெண்களைப் பரிசோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பேருக்கு சி.ஓ.பி.டி. இருந்தது. தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலறையில் நிற்பவர்களிடம் அது நூற்றுக்கு 3 பேர் என்று கூடியிருந்தது. "இரண்டரைதானே?" என்று தள்ளிவிடாதீர்கள். ஆயிரம் பெண்கள் உள்ள ஊரில் 25 பேர்! அந்த 25 பேரில் எத்தனை பேருக்குத் தங்களுக்கு இப்படி ஒரு நோய் இருப்பது தெரியும்?

பெரியம்மாவின் கதை

எங்கள் பெரியம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். தேனிப் பக்கம் கிராமம். அறுபது தாண்டியவர். வெற்றிலை பாக்குக்கூடப் போடமாட்டார். ஒரு காலத்தில் மலைக்கோவில் படி அத்தனையும் ஏறி, இறங்கி வந்து இருபது பேருக்குச் சமைத்துப் போட்டவர். முதலில் மலைக்கோவிலை விட்டார். அப்புறம் குழாயடிக்குப் போவதை விட்டார். பிறகு குளித்துவிட்டு வந்தால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால்தான் பேச்சே வரும் என்றாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு காரணம் சொன்னார்கள். "அத்தைக்கு முட்டி வலி", "அத்தைக்கு வயசாயிடுச்சு" என்று மருமகள் சொல்வாள். வெறுப்பில் அல்ல, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

ஒவ்வொரு மார்கழியிலும் இருமல் வந்து படுத்துவிடுவார். பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். நாலு நாளில் சரியாகும். அடுத்த மாதம் மறுபடியும் வரும். இப்படியே ஆறு வருஷம். ஊதிப் பார்க்கச் சொன்னவர்கள் யாருமில்லை.

கடைசியில் மகளின் பிரசவத்துக்காகப் போன பெரிய ஆஸ்பத்திரியில், வராண்டாவில் அவர் மூச்சு வாங்கி உட்கார்ந்ததை ஒரு லேடி டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?"

"ஐயோ, என்னங்க டாக்டரம்மா இப்படிக் கேட்கிறீங்க!"

"சரி, விறகடுப்பு எத்தனை வருஷம்?"

"பன்னிரண்டு வயசுல பிடிச்ச ஊதுகுழலுங்க. கேஸ் வந்து எட்டு வருஷம் ஆச்சு. ஆனா வெந்நீருக்கும் மாட்டுக்குக் காய்ச்சவும் இன்னும் விறகுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நாற்பது வருஷத்துக்கு மேல ஊதுகுழல் ஊதியிருக்கீங்க. இப்ப எனக்காக ஒரு குழாயில ஊதுங்க" என்று சொல்லி, ஒரு கருவியில் ஊதவைத்தார். நோய் தெரிந்தது. இன்று பெரியம்மா இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறார். மலைக்கோவில் இல்லை, ஆனால் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கிறார். மார்கழிப் படுக்கை குறைந்திருக்கிறது. அந்த ஆறு வருஷத்துக்கு முன்பே யாராவது ஊதச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் நுரையீரல் மிஞ்சியிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னது மட்டும் மனசை அறுக்கிறது.

கேஸ் வந்தும் புகை போகவில்லையே, ஏன்?

புகையில்லா அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? 1980-களில் மத்திய அரசு நாடு முழுக்கப் பரப்பியது. களிமண் அடுப்பும் புகைபோக்கியுமாகக் கட்டிக் கொடுத்தார்கள். பல வீடுகளில் குழாயில் கரி அடைத்தது. சுத்தம் செய்ய ஆளில்லை. அடுப்பு உடைந்தால் திரும்பக் கட்டவும் ஆளில்லை. அந்தத் திட்டம் 2002-இல் முடிந்துபோனது.

2016 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் பலியா ஊரில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே கேஸ் இணைப்பு. பத்துக் கோடிக்கு மேல் இணைப்புகள் கொடுத்தாகிவிட்டது. இது பெரிய காரியம்தான், மறுக்க முடியாது. சமையலுக்குச் சுத்தமான எரிபொருள் உபயோகிக்கும் வீடுகள் 2015-16-இல் நூற்றுக்கு 44-ஆக இருந்தது, 2019-21 கணக்கெடுப்பில் 59-ஆக ஏறியது. ஆனால் கிராமப்புறத்தில் மட்டும் பார்த்தால் அப்போதும் 43-தான்.

இணைப்பு வந்தால் போதுமா? சிலிண்டர் தீர்ந்தால் மறுபடி வாங்கவேண்டுமே! உஜ்வலா வீடுகள் சராசரியாக வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் வாங்கின தெரியுமா? 2019-20-இல் 3. 2023-24-இல் 4. நாலைந்து பேர் உள்ள வீட்டில் மூன்று வேளையும் கேஸிலேயே சமைத்தால் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? மிச்ச நாளெல்லாம் விறகும் சுள்ளியும் வறட்டியும்தான்.

சிலிண்டர் காசு கையிலிருந்து போகிறது. விறகு காடு கரையில் சும்மா கிடைக்கிறது. உண்மைதான். ஆனால் அந்த விறகைப் பொறுக்குகிறவள் யார்? அந்தப் புகையைக் குடிக்கிறவள் யார்? அவளுடைய நேரத்துக்கும் மூச்சுக்கும் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு பைசாகூட எழுதுவதில்லை. அதனால்தான் விறகு 'சும்மா' என்று தோன்றுகிறது. செல்போனுக்குப் பணம் கட்ட மறக்காத வீட்டில் சிலிண்டர் மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று ஏன் தள்ளிப்போகிறது? வீட்டு ஆண்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால் நல்லது.

புகை வரும் மற்ற வாசல்கள்

"எங்க வீட்ல விறகே கிடையாது, கேஸ்தான்" என்று பட்டணத்துச் சகோதரிகள் நிம்மதியாக இருந்துவிடவேண்டாம்.

கொசுவர்த்திச் சுருள்: மூடிய அறையில் ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. குழந்தையைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, கதவையும் சாத்திவிட்டு இதைக் கொளுத்துகிறோம். கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

வீட்டுக்காரரின் சிகரெட்: பொது இடத்தில் புகை பிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடையை அமல்படுத்தினார்கள். அரசாங்கம் பஸ் ஸ்டாண்டில் தடுத்ததை நாம் நம் கூடத்தில் தடுக்கக் கூடாதா? கோபப்படாமல், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். ஜன்னலோரம் நின்று குடித்தாலும் புகை உள்ளேதான் வரும்.

சாம்பிராணி, ஊதுபத்தி: வெள்ளிக்கிழமை சாம்பிராணி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இருமல்காரர் இருக்கும் அறையில் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்து, அளவோடு போடலாம்.

குப்பை எரிப்பது: வாசல் கூட்டி, பிளாஸ்டிக் பையும் சேர்த்துத் தீ வைக்கும் வழக்கத்தை நிறுத்தவேண்டும். போகிக்கு டயர் கொளுத்தும் பிள்ளைகளை அதட்டி வையுங்கள்.

வேலையிடம்: கோவை, ராஜபாளையம் பக்கம் பஞ்சாலைக்குப் போகும் பெண்கள் பலருண்டு. பஞ்சுத் தூசி நுரையீரலில் சேர்ந்தால், வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் அதிகமாக இருக்கும். அதுவே ஓர் அடையாளம். நெல்லை, தென்காசி, வேலூர் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்களுக்குப் புகையிலைத் தூள். கல்குவாரியில் கல்தூள். இந்த வேலை செய்கிறவர்கள் டாக்டரிடம் போனால் கேட்காவிட்டாலும் தாங்களாகவே தங்கள் வேலையைச் சொல்லவேண்டும்.

எப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், தாமதிக்காதீர்கள்:

வருஷத்தில் மூன்று மாதமாவது பெரும்பாலான நாட்களில் இருமலும் சளியும். இரண்டு வருஷமாக இப்படியே.

உங்கள் வயசுக்காரர்களோடு சமமாக நடக்க முடியாமல் பின்தங்குவது.

முன்பு செய்த வேலையை, மூச்சு வாங்குகிறதே என்று சத்தமில்லாமல் விட்டுவிடுவது.

மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம்.

அடிக்கடி நெஞ்சுச்சளி பிடித்து, ஒவ்வொரு தடவையும் ஊசி, மாத்திரை.

இன்னொன்று: இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் முதலில் காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இது இலவசம். காசநோய் வந்து குணமானவர்களுக்கும் பின்னால் மூச்சடைப்பு வரலாம் என்பதால், பழைய சீட்டு இருந்தால் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பதாலோ எக்ஸ்ரேயாலோ மட்டும் சி.ஓ.பி.டி.யை ஆரம்பத்தில் உறுதி செய்ய முடியாது. 'ஸ்பைரோமெட்ரி' என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும். வலி கிடையாது, ஊசி கிடையாது. நன்றாக மூச்சை இழுத்து, குழாயில் வேகமாகவும் முழுசாகவும் ஊதவேண்டும். மொத்தமாக ஊதிய காற்றில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வந்தது என்று பார்ப்பார்கள். மருந்து கொடுத்தபின் ஊதியும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். "எனக்கு ஊதிப் பார்க்கிற டெஸ்ட் வேணும், டாக்டர்" என்று கேட்பதில் வெட்கம் என்ன?

இன்ஹேலருக்குப் பயப்படாதீர்கள்

"அதை ஆரம்பிச்சா விடவே முடியாதாமே!" "கடைசி நிலைக்காரங்களுக்குத்தானே அது!" இந்தப் பேச்சைக் கேட்டு இன்ஹேலரை முந்தானையில் மறைத்து வைக்கும் பெண்கள் உண்டு. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். சால்ப்யூடமால் என்ற மருந்தை மாத்திரையாக விழுங்கினால் 2 அல்லது 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம். அதாவது 2 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது, 20 தடவை இழுக்கும் மருந்து. மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுக்கி, நெஞ்சு படபடத்து, பிறகு நுரையீரலுக்குப் போகிறது. இன்ஹேலர் நேராக அங்கேயே போகிறது. கண்ணில் தூசி விழுந்தால் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவோமா, மாத்திரை விழுங்குவோமா?

பழகிவிடும் என்பது தவறு. மூக்குக்கண்ணாடி பழகிவிடும் என்று யாராவது போடாமல் இருக்கிறோமா? ஆனால் சரியாக இழுக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். டாக்டர் அல்லது நர்ஸ் முன்னால் இழுத்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். கை வராதவர்களுக்கு 'ஸ்பேசர்' என்ற குடுவை இருக்கிறது. ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் என்றால் இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக்கூடாது.

வருஷத்துக்கு ஒரு முறை ஃப்ளு தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மூச்சு முட்டும்போது பதறாமல், மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெல்ல மெல்ல வெளியே விடுங்கள். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடவேண்டும். உள்ளே தேங்கிய காற்று வெளியேற இது உதவும். நடப்பதையும் அடியோடு விட்டுவிடாதீர்கள். நடக்காவிட்டால் கால் தசை தளர்ந்து, சின்ன வேலைக்கே இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும். டாக்டர் சொன்ன அளவில் தினம் கொஞ்சம் நடக்கவேண்டும்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் திணறினாலோ, நினைவு தடுமாறினாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

விறகை அடியோடு விட முடிந்தால் அதுதான் உத்தமம். அதுவரைக்கும் சில யோசனைகள்:

நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள்; ஈர விறகுதான் புகையின் தாய். விறகடுப்பைக் கூடியவரை வெளியே, மேலே மட்டும் கூரை போட்ட இடத்தில் வையுங்கள். உள்ளே என்றால் எதிரெதிரே இரண்டு திறப்பு வேண்டும். புகைபோக்கியை மாதம் ஒரு முறை தட்டிச் சுத்தம் செய்யவேண்டும்.

அரிசி, பருப்பை முன்னதாக ஊறவைத்து, மூடி போட்டு, குக்கரில் வேகவைத்தால் சிலிண்டர் கூடுதல் நாள் வரும். வெந்நீருக்கு விறகு வேண்டாம். வெயில் காலத்தில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்தால் போதுமே! வீட்டில் கரண்ட் ஒழுங்காக இருந்தால் சோற்றுக்கு எலெக்ட்ரிக் குக்கர் உபயோகிக்கலாம்.

சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளை விறகடுப்பு முன்னால் உட்காரவைக்காதீர்கள். கேஸ் அடுப்பிலும் தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கடைசியாக ஒன்று

ஆராய்ச்சிக்காரர்கள் இன்னொரு விஷயமும் கண்டிருக்கிறார்கள். சி.ஓ.பி.டி. வந்த ஒருவர் இழக்கும் ஆரோக்கிய வாழ்நாள், வளர்ந்த மாநிலங்களை விட வளர்ச்சி குறைந்த மாநிலங்களில் அதிகம். நோய் ஒன்றுதான், கண்டுபிடிக்கவும் மருந்து கொடுக்கவும் ஆள் இல்லாததுதான் வித்தியாசம். மாநிலத்துக்குச் சொன்ன இந்த நியாயம் வீட்டுக்கும் பொருந்தும். ஒரே வீட்டில் அப்பா இருமினால் எக்ஸ்ரே, அம்மா இருமினால் மிளகுக் கஷாயம் என்று இருந்தால், அந்த வீட்டில் அம்மாவின் மாநிலம் வளராத மாநிலம்தானே?

ஆகவே அடுத்த தடவை பிறந்த வீட்டுக்கோ, மாமியார் ஊருக்கோ போகும்போது, பலகாரப் பையோடு மூன்று கேள்விகளையும் எடுத்துப்போங்கள். "அம்மா, போன வருஷம் செய்த எந்த வேலையை இந்த வருஷம் விட்டுட்டே?" "கேஸ் சிலிண்டர் கடைசியா எப்ப வந்துது?" "உன்னை யாராவது ஊதிப் பார்க்கச் சொன்னாங்களா?" பதில்களைக் கேட்டுவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். சமையலை அன்றைக்கு ஒரு வேளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.